குருதி மூலக்கலங்களும் தலசீமியாவும்: ஸ்டுவர்ட் ஓர்க்கினின் ஆய்வுப் பணி



தலைமுறையுரிமைப் பாடத்தில் தலசீமியா என்ற நோயின் பெயரைப் படித்திருப்பீர்கள். “பின்னிடைவான பரம்பரையலகினால் ஏற்படும் குருதி நோய்” என்று ஒரு வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவது வழக்கம். அந்த ஒரு வரியை முழுமையாக விளங்கிக் கொள்வதற்காக அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு வைத்திய விஞ்ஞானி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தார். அவர் பெயர் ஸ்டுவர்ட் ஓர்க்கின். பழுதடைந்த பரம்பரையலகைத் திருத்தாமலே அந்நோயைக் குணப்படுத்தலாம் என்பது அவருடைய ஆய்வுகூடத்தின் வேலையினால் தெளிவானது. அது எவ்வாறு இயலும் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

குருதி எங்கிருந்து வருகிறது?

செங்குழியத்தின் ஆயுட்காலம் ஏறத்தாழ 120 நாட்கள் என்பது நீங்கள் அறிந்ததே. அழிபவற்றை ஈடுசெய்வதற்கு எமது உடல் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய செங்குழியங்களை உருவாக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இந்த வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் ஒரு கோடிக்குக் குறையாத செங்குழியங்கள் உங்கள் என்பு மச்சையில் புதிதாகத் தோன்றியிருக்கும்.

இவை அனைத்துக்கும் ஆரம்பம் என்பு மச்சையிலுள்ள மிகச் சிறிய தொகையான குருதி மூலக்கலங்கள் ஆகும். (சில நூல்கள் இவற்றைத் தண்டுக்கலம் என்றும் குருத்தணு என்றும் எழுதும். பொருள் ஒன்றே, குழம்ப வேண்டாம்.) மூலக்கலத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. பிரிவடையும்போது தன்னைப் போன்ற மூலக்கலத்தை மீண்டும் உருவாக்கும். அத்துடன் செங்குழியம், வெண்குழியம், குருதிச்சிறுதட்டு ஆகியவற்றில் எதுவாகவும் வியத்தமடையக்கூடிய கலங்களையும் தரும். இவ்விரு இயல்பும் ஒரே கலத்தில் உண்டு என்பதற்கான பரிசோதனைச் சான்றை 1960 களில் கனடாவின் டொரன்டோ நகரில் டில், மக்கலக் என்னும் இருவர் வெளியிட்டனர்.

ஒரு மூலக்கலத்தைத் திருத்தினால் அதிலிருந்து தோன்றும் குருதிக்கலங்கள் அனைத்தும் திருந்தியவையாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனி ஈமோகுளோபினுக்கு வருவோம். வளர்ந்தவரின் ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு புரதச் சங்கிலிகள் உள்ளன: இரண்டு அல்பா, இரண்டு பீற்றா. அல்பாச் சங்கிலிக்கான பரம்பரையலகு 16 ஆம் நிறமூர்த்தத்திலும் பீற்றாச் சங்கிலிக்கானது 11 ஆம் நிறமூர்த்தத்திலும் அமைந்துள்ளன. தாயின் கருப்பையிலுள்ள சிசுவிலோ பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி காணப்படும். இதனைச் சிசு ஈமோகுளோபின் என்போம். இது ஒட்சிசனை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்வதனால் தாயின் குருதியிலிருந்து ஒட்சிசனைப் பெறுவது சிசுவுக்கு எளிதாகின்றது. குழந்தை பிறந்த பின் காமா அலகு படிப்படியாக ஓய்ந்துவிடப் பீற்றா அலகு அதன் இடத்தைப் பிடிக்கின்றது. முதற் பிறந்த நாளுக்கு முன்பே இம்மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். காமா அலகு அழிவதில்லை. அது நிறமூர்த்தத்தில் அப்படியே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இன்று உங்கள் உடலிலும் அது அவ்வாறே இருக்கிறது.

பீற்றாத் தலசீமியாவில் பிழை எங்கே?

பீற்றா அலகில் விகாரம் ஏற்பட்டுப் பீற்றாச் சங்கிலி போதாமலோ முற்றாக இல்லாமலோ போவதே பீற்றாத் தலசீமியா. சங்கிலி குறைவதால் ஈமோகுளோபின் குறையும் என்பது உண்மையே; ஆனால் அது பாதிக் கதைதான். அல்பாச் சங்கிலிகள் வழமைபோலத் தொடர்ந்து உருவாகின்றன. இணைவதற்குச் சோடியில்லாத அவை கலத்தினுள்ளே படிந்து, முதிர்ச்சியடையாத செங்குழியத்தை என்பு மச்சையிலேயே அழித்துவிடுகின்றன. எனவே, கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குருதி ஏற்ற வேண்டியுள்ளது.

மாணவர் பலர் இங்கே “தலசீமியா நோயாளருக்கு இரும்புச் சத்துக் குறைவு” என்று எழுதுவதுண்டு. இது தவறு. ஏற்றப்படும் ஒவ்வொரு பைக் குருதியுடனும் இரும்பு உடலில் சேர்கின்றது. அதனை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. இதயம், ஈரல், அகஞ்சுரக்கும் சுரப்பிகள் ஆகியவற்றில் இரும்பு படிந்து அவற்றைப் பழுதாக்கும். ஆகவே, குருதி ஏற்றுவதுடன் இரும்பை அகற்றும் மருந்தையும் வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். இம்மருந்தைச் சிறு பம்பியின் மூலம் தோலின் கீழ் இரவு முழுதும் செலுத்துவதே பல்லாண்டுகளாக ஒரே வழியாக இருந்தது. பின்னரே வாயால் உட்கொள்ளும் மருந்துகள் வந்தன. பிள்ளைப் பருவத்தில் இது எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு நோய் அரிவாட்கலக் குருதிச்சோகை. அங்கே பீற்றாச் சங்கிலி உருவாகின்றது, ஆனால் அதன் 6 ஆவது அமினோ அமிலம் மாறியிருக்கும். ஒட்சிசன் குறைந்த இடத்தில் ஈமோகுளோபின் ஒன்றுடனொன்று கோத்து நீண்டு, செங்குழியத்தை அரிவாள் வடிவாக வளைத்துவிடும். அத்தகைய கலங்கள் நுண் குழாய்களை அடைப்பதனால் கடும் வலி உண்டாகின்றது.

இரண்டு நோய்களும் பிறந்தவுடன் தெரிவதில்லை, சில மாதங்கள் சென்ற பின்னரே வெளிப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதுவரை காமா அலகு காப்பாற்றுகின்றது. அரிவாட்கல நோயில் இதனை 1948 இலேயே ஜனற் வொற்சன் என்ற அமெரிக்கச் சிறுபிள்ளை வைத்தியர் சுட்டிக்காட்டினார். காமா அலகு மறுபடியும் விழித்தெழுமாயின் நோய் தணியும் என்பது அன்று முதல் வைத்தியர்கள் அறிந்திருந்த ஒன்று. அதனை உறங்க வைப்பது எது என்பதுதான் தெரியாதிருந்தது. அறுபது ஆண்டுகள் தெரியாதிருந்தது.

ஓர்க்கினின் தொடக்கம்

ஓர்க்கின் 1946 இல் நியூயோர்க்கில் பிறந்தார். 1967 இல் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் முதற் பட்டமும் 1971 இல் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் பிலிப் லீடரின் ஆய்வுகூடத்தில் பயின்றார். பரம்பரையலகுகளைத் தனியே பிரித்தெடுத்துப் பெருக்கும் முறைகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலைக்குத் திரும்பிய அவர், 1978 முதல் ஹாவர்டில் ஆசிரியராகவும் இருந்தார். வைத்தியசாலையில் தலசீமியாப் பிள்ளைகள், ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ. இரண்டையும் ஒருங்கே பார்க்கக்கூடிய இடத்தில் அவர் நின்றார்.

அவர் எடுத்துக்கொண்ட முதற் பெரிய வினா: தலசீமியா என்பது ஒரே விகாரமா, பல விகாரங்களா? பல்டிமோரைச் சேர்ந்த ஹேக் கசாசியனுடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தார். நோயாளர் ஒவ்வொருவரின் பீற்றா அலகையும் எழுத்தெழுத்தாக வாசிப்பது அக்காலத்தில் மிகக் கடினமான வேலை. அவ்வாறு வாசித்தாலும் ஏற்கனவே கண்ட விகாரத்தையே திரும்பத் திரும்பக் காண நேரிடலாம். அவர்கள் ஒரு சுருக்கு வழியைக் கையாண்டனர்.

அதை இப்படி விளங்கிக் கொள்ளுங்கள். ஒரு வினாத்தாளின் போட்டோப் பிரதி உங்கள் பாடசாலையில் கைமாறுகிறது. அதன் மூலையில் ஒரு மைக்கறை. மூன்றாம் வினாவில் ஓர் எழுத்துப் பிழை. அதிலிருந்து எடுத்த பிரதிகள் எல்லாவற்றிலும் கறையும் பிழையும் சேர்ந்தே வரும். வேறிடத்தில் கறையுள்ள பிரதி ஒன்றைக் கண்டால் அது வேறொரு மூலப்பிரதியிலிருந்து வந்தது; அதிலுள்ள பிழையும் வேறாக இருக்கலாம். அவ்வாறே பீற்றா அலகைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. யில் நோயுடன் தொடர்பற்ற சிறு வேறுபாடுகள் உள்ளன. அந்தக் “கறை”களைக் கொண்டு நிறமூர்த்தங்களை முதலில் வகைப்படுத்தி, வகைக்கு ஒன்றாக வாசித்தபோது புதிய புதிய விகாரங்கள் வெளிப்பட்டன. இம்முறை 1982 இல் வெளியாயிற்று. இன்று பீற்றாத் தலசீமியாவுக்குக் காரணமான 200 இற்கும் மேற்பட்ட விகாரங்கள் அறியப்பட்டுள்ளன.

1986 இல் அவருடைய குழு இன்னொரு பெயரையும் பெற்றது. வெண்குழியங்கள் பற்றீரியாக்களை விழுங்கியும் கொல்ல இயலாது போகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதற்குரிய அலகு எந்தப் புரதத்தை ஆக்குகின்றது என்பது தெரியாத நிலையில், நிறமூர்த்தத்தில் அது அமைந்துள்ள இடத்தை மட்டும் கொண்டே அதனைக் கண்டுபிடித்தனர். ஒரு நோயின் அலகு இவ்வழியில் கண்டறியப்பட்டது அதுவே முதற் தடவை.

கட்டளையிடும் புரதங்கள்

உங்கள் உடலின் கருவுள்ள கலங்கள் எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுத் தொகுதிதான் உண்டு. அப்படியானால் ஒரு மூலக்கலத்தின் வழித்தோன்றல்களில் ஒன்று செங்குழியமாகவும் மற்றொன்று வெண்குழியமாகவும் மாறுவது எதனால்? எந்த அலகு வேலை செய்யும், எது ஓய்ந்திருக்கும் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் இருக்க வேண்டும். ஓர்க்கின் அவற்றைத் தேடினார்.

1989 இல் அவருடைய ஆய்வுகூடம் கேற்றா-1 என்னும் புரதத்திற்குரிய அலகைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டில் வேறொரு குழுவும் இதனைக் கண்டது. அப்பெயர் விசித்திரமாகத் தோன்றலாம். டி.என்.ஏ. யில் குறித்த நான்கு மூலங்கள் வரிசையாக வரும் இடத்தில் இப்புரதம் ஒட்டிக்கொள்ளும். அந்நான்கின் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து வாசித்தால் வரும் சொல்லே கேற்றா. இப்புரதத்தின் அலகை நீக்கிய கலங்களைச் சுண்டெலி முளையத்தில் சேர்த்துப் பார்த்தபோது, அக்கலங்கள் பல இழையங்களிலும் பங்கேற்றன, ஆனால் முதிர்ந்த செங்குழியத்தை மட்டும் உருவாக்கவில்லை. இன்னொரு கட்டுப்பாட்டு அலகை நீக்கியபோது குருதிக்கலம் எதுவுமே தோன்றவில்லை. அதாவது மூலக்கலம் உருவாவதே தடைப்பட்டது. இவ்வாறு 1990 களில் குருதி உருவாக்கத்தின் கட்டளைத் தொடர் ஒவ்வொன்றாக வெளிவந்தது.

இவற்றைச் செய்தபோது தலசீமியாவுக்கு மருந்து எதுவும் கையில் வரவில்லை. கேற்றா-1 பயனற்ற அறிவு என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் மறுப்பது கடினமாக இருந்திருக்கும். அது மீண்டும் வரும், பொறுங்கள்.

காமாவை ஓய்வுறச் செய்வது எது?

வளர்ந்தவர் சிலரில் சிசு ஈமோகுளோபின் வழமையை விடச் சற்று அதிகமாகக் காணப்படும். ஏன்? ஒக்ஸ்போர்டில் பயின்று பின் இலண்டனில் பணியாற்றிய, மலேசியாவிற் பிறந்த சுவீ லே தெய்ன் என்ற பெண் வைத்தியர் பல ஆண்டுகளாக இவ்வினாவைத் தொடர்ந்தார். பலருடைய டி.என்.ஏ. யை ஒப்பிட்ட அவருடைய குழு, 2007 இல் 2 ஆம் நிறமூர்த்தத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டியது. 2008 இல் சார்டினியாத் தீவில் நடந்த ஆய்வும் ஓர்க்கினின் குழு பங்கேற்ற ஆய்வும் அதே இடத்தையே காட்டின. அங்கே இருந்தது பி.சி.எல்.11ஏ என்னும் அலகு. முன்பு அது வெண்குழியப் புற்றுநோய் தொடர்பாக அறியப்பட்டிருந்தது.

அதே 2008 இல் ஓர்க்கினின் மாணவர் விஜய் சங்கரன், மனிதக் கலங்களில் இப்புரதத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார். சிசு ஈமோகுளோபின் உயர்ந்தது. காமாவை உறங்க வைக்கும் புரதம் இதுவே! 2011 இல் அரிவாட்கல நோயுள்ள சுண்டெலிகளின் செங்குழிய வழிக் கலங்களில் மட்டும் இவ்வலகை நீக்கியபோது அவற்றின் நோய் தணிந்தது.

இனி மனிதருக்குச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. இந்தப் புரதம் வெண்குழியங்களுக்கும் மூளைக்கும் குருதி மூலக்கலத்திற்குமே தேவை. முற்றாக நீக்கினால் வேறு கேடு வரும். இங்கேதான் 2013 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு முக்கியம் பெறுகின்றது. ஓர்க்கினின் ஆய்வுகூடத்தில் டானியல் பவர், அவ்வலகின் உள்ளேயே ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு ஆளியைப் போலத் தொழிற்படுவதைக் கண்டார். அந்த ஆளி செங்குழிய வழிக் கலங்களில் மட்டுமே வேலை செய்கின்றது. வீட்டின் பிரதான ஆளியை அணைத்தால் எல்லா அறைகளும் இருளும். ஓர் அறையின் ஆளியை அணைத்தால் அந்த அறை மட்டும் இருளும். 2015 இல் கிறிஸ்பர் என்னும் டி.என்.ஏ. வெட்டும் முறையினால் அத்துண்டைச் சிறிது சிறிதாக வெட்டிப் பார்த்து, எந்த இடத்தில் வெட்டினால் ஆளி செயலிழக்கும் என்பதையும் கண்டறிந்தனர். அந்த இடம் எது தெரியுமா? கேற்றா-1 வந்து ஒட்டும் இடம்.

சிகிச்சை நடைபெறும் விதம்

நோயாளரின் மூலக்கலங்களை மருந்தினால் என்பு மச்சையிலிருந்து குருதிக்கு வரச்செய்து சேகரிப்பர். ஆய்வுகூடத்தில் கிறிஸ்பர் முறையினால் அந்த ஆளியை வெட்டுவர். பின்னர் நோயாளரின் என்பு மச்சையில் எஞ்சியுள்ள பழைய மூலக்கலங்களைக் கடும் மருந்தினால் அழித்து, மாற்றப்பட்டவற்றைத் திரும்ப ஏற்றுவர். அவை என்பு மச்சையில் குடியேறிக் குருதியை உருவாக்கத் தொடங்கும். கலங்கள் அவருடையவையே ஆதலால் பொருத்தமான சகோதரரைத் தேட வேண்டியதில்லை, நிராகரிப்பும் இல்லை. ஆயினும், அந்தக் கடும் மருந்தினால் சில வாரங்கள் தொற்றுக்கு எதிரான வலு இன்றி வைத்தியசாலையில் இருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுத் திறனும் பாதிக்கப்படலாம். இலகுவான சிகிச்சை என்று எண்ணிவிட வேண்டாம்.

பீற்றா அலகு இங்கே தொடப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் விகாரம் அப்படியே இருக்கின்றது. விழித்தெழுந்த காமாச் சங்கிலி, சோடியற்ற அல்பாவுடன் இணைகின்றது. 200 இற்கு மேற்பட்ட விகாரங்களில் எது இருந்தாலும் ஒரே சிகிச்சை பொருந்துவதற்குக் காரணம் இதுவே.

முதல் நோயாளர்கள் 2019 இல் சிகிச்சை பெற்றனர். 2023 நவம்பரில் பிரித்தானியா இதற்கு அனுமதி வழங்கியது. கிறிஸ்பர் முறையிலான சிகிச்சை ஒன்று உலகில் அனுமதி பெற்றது அதுவே முதற் தடவை. அமெரிக்கா 2023 டிசெம்பரில் அரிவாட்கல நோய்க்கும் 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அனுமதித்தது. 2024 இல் வெளியான முடிவுகளின்படி, போதிய காலம் அவதானிக்கப்பட்ட 35 தலசீமியா நோயாளர்களுள் 32 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ குருதி ஏற்றாமல் வாழ்ந்தனர். அதே ஆண்டு ஓர்க்கினுக்கும் தெய்னுக்கும் ஷோ பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

விலையும் எமது நாடும்

அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கு நிர்ணயிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். தலசீமியா அதிகம் காணப்படுவதோ மத்தியதரைக் கடற்பகுதி, மத்திய கிழக்கு, தெற்காசியா, தென்கிழக்காசியா ஆகிய இடங்களில். கண்டுபிடிப்பு ஓரிடத்திலும் நோயாளர் வேறிடத்திலுமாக உள்ளனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இலங்கையிலும் இந்நோய் உண்டு. குருநாகலில் தலசீமியா நோயாளர்க்கெனத் தனியான சிகிச்சை நிலையம் இயங்குகின்றது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் வெதரோல் இலங்கை வைத்தியர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. நாட்டின் ஒன்பது நிலையங்களைச் சேர்ந்த 703 நோயாளர்களுடன், காவிகளின் விகிதத்தை அறிவதற்காக 1600 பாடசாலை மாணவர்களின் குருதியும் அதிற் பரிசோதிக்கப்பட்டது. உங்களைப் போன்ற பிள்ளைகள் கொடுத்த குருதியே அந்தக் கணக்குக்கு அடிப்படை.

காவி என்பவர் நோயாளர் அல்லர். அவரிடம் இயல்பான அலகு ஒன்றும் விகாரமடைந்த அலகு ஒன்றும் உள்ளன. அவர் மற்றவர்களைப் போலவே படிப்பார், விளையாடுவார். ஆயின், அவருடைய செங்குழியங்கள் சற்றுச் சிறியனவாக இருக்கும். இதனை வழமையான குருதிப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கும். பின்னர் ஈமோகுளோபின் பரிசோதனையினால் உறுதி செய்வர். இரும்புக் குறைபாட்டிலும் செங்குழியம் சிறுக்கும் என்பதனால், பரிசோதியாமல் நீண்ட காலம் இரும்பு மாத்திரை விழுங்குவது சரியன்று. காவிகள் இருவர் மணம் செய்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் ஏற்படும் நிகழ்தகவு 1/4. “நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நிச்சயம் வரும்” என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு பிறப்பும் புதிய நாணயச் சுண்டல்; முதற் பிள்ளை நோயாளி என்பதற்காக அடுத்த மூவரும் தப்புவர் என்ற உறுதி எதுவுமில்லை. ஒருவர் காவி, மற்றவர் இயல்பானவர் எனின் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. ஆகவே, திருமணத்துக்கு முன் குருதியைப் பரிசோதித்துக் கொள்ளும்படி வைத்தியர்கள் கூறுகின்றனர்.

இனி ஒரு வினா. கடும் தலசீமியா உள்ள ஒருவர் மேற்கூறிய சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். அவர் காவி ஒருவரை மணந்தால் பிள்ளைகளின் நிலை என்ன? விடையைப் பார்க்குமுன் தாளில் எழுதிப் பாருங்கள்.

விடை: மாற்றப்பட்டவை அவருடைய குருதி மூலக்கலங்கள் மட்டுமே. புணரிகளில் மாற்றம் எதுவும் இல்லை. எனவே அவர் தமது எல்லாப் பிள்ளைகளுக்கும் விகாரமடைந்த அலகு ஒன்றைக் கொடுப்பார். காவியான துணையிடமிருந்து விகாரமடைந்த அலகு வரும் நிகழ்தகவு 1/2. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் நோயாளியாக இருப்பதற்கு 1/2, காவியாக இருப்பதற்கு 1/2. முற்றிலும் இயல்பான பிள்ளை பிறப்பதற்கு இடமில்லை. “அவர் குணமடைந்துவிட்டார், எனவே பிள்ளைகளுக்கு 1/4” என்று எழுதியிருந்தால் சிகிச்சைப் பகுதியை மீண்டும் ஒரு முறை வாசியுங்கள்.